‘ஆகவே’ எங்கே போடுவது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ‘நட்பு’, ‘பெண்ணுரிமை’, ‘நாளைய இந்தியா’ என்று நல்ல தலைப்புகளை எல்லாம் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. ‘ஆகவே’!

சிரிக்காதீர்கள். இந்த வார்த்தையால் நான் ஒரு வேலையை இழந்திருக்கிறேன். என் அப்பா அதைவிடப் பெரியதை இழந்திருக்கிறார். அப்பா கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கதை.

போன செமஸ்டரில் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள் அல்லவா? முதல் சுற்று எழுத்துத் தேர்வு. டெக்னிக்கல் பகுதியில் எனக்குப் பயம் இல்லை. மூன்று வருடமாக எலக்ட்ரிகல் படிக்கிறேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். மாட்டிக்கொண்டது இங்கிலீஷ் பகுதியில்தான். இரண்டு வாக்கியம் இருக்கும். நடுவில் ஒரு கோடு. கீழே நான்கு வார்த்தைகள். ஹவ்எவர், தேர்ஃபோர், சிமிலர்லி, ஃபார் எக்ஸாம்பிள். எது பொருந்தும் என்று டிக் அடிக்க வேண்டும்.

இதற்கு சீனியர் அக்கா ஒருத்தி முன்பே குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருந்தாள். “ஒரு வாக்கியம் நல்லது, இன்னொண்ணு கெட்டதுன்னா ஹவ்எவர். ரெண்டும் நல்லதுன்னா மோர்ஓவர். ஒண்ணுமே புரியலன்னா தேர்ஃபோர் போட்டுட்டு வந்துடு.” நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போனேன்.

வந்த கேள்வியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘வயரிங்கில் ஏற்படும் மின்கசிவு ஆளைக் கொல்லக்கூடும். ______ கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீடுகளில் பொருத்தப்படுகிறது.’ முதல் வாக்கியம் கெட்டது. இரண்டாவது நல்லது. அக்கா சொன்ன கணக்குப்படி ஹவ்எவர். போட்டேன். வெளியே வந்து பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது, விடை தேர்ஃபோர்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்க் போனதற்காக மட்டும் இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி.யை இந்தக் கையால் மாட்டியிருக்கிறேன். எதற்காக மாட்டுகிறோம் என்று கேட்டால் உடனே சொல்வேன். கசிவு ஆளைக் கொல்லும், அதனால் மாட்டுகிறோம். விஷயம் தெரிந்திருந்தும் வார்த்தை தெரியாமல் தோற்றேன். அந்தப் பகுதியில் கட்-ஆப் தாண்டவில்லை. அவ்வளவுதான், வேலை போயிற்று.

‘ஒரு மார்க் கேள்விக்கு இவ்வளவு புலம்பலா?’ என்று கேட்பீர்கள். ஒரே ஒரு கம்பெனி என்றால் விட்டுவிடலாம். ஆனால் எங்கே போனாலும் இதே கோடு நம்மை எதிர்பார்த்து நிற்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-இல் நடத்திய குரூப் 4 தேர்வின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் ‘சரியான இணைப்புச் சொல்’ என்று தனித் தலைப்பே இருந்தது. எனவே, ஏனெனில், ஆகையால், அதனால் என்று உதாரணமும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேர்வில் தமிழ்ப் பகுதி 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுக்காதவர்களின் அடுத்த பகுதி மதிப்பிடப்படவே இல்லை. கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் இங்கிலீஷ் பகுதி 64 நிமிடத்தில் 54 கேள்விகள். அதிலும் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே தர்க்கப்படி எந்த இணைப்புச் சொல் பொருந்தும் என்று ஒரு கேள்வி வகை உண்டு. ஆக, அந்த நாட்டுப் பிள்ளைகளும் இந்தக் கோட்டின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இது எனக்கு ஒரு ஆறுதல்!

சரி, தப்பு எங்கே நடக்கிறது? அன்று சாயங்காலம் பஸ் பிடித்து அரியாங்குப்பம் வந்து சேர்ந்தபோது அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பேசியதைச் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தேன். 

“மழ பேஞ்சதால பஸ்ஸு வரல.”
“மழ பேஞ்சும் மீன்காரம்மா வந்துட்டா.”
“நாளிக்கும் பேஞ்சா துணி காயாது.”
“பேஞ்சாலும் நான் கல்யாணத்துக்குப் போவத்தான் போறேன்.”

கவனித்தீர்களா? பேஞ்சதால, பேஞ்சும், பேஞ்சா, பேஞ்சாலும். ஒரே மழை. வாலை மட்டும் மாற்றி நான்கு விதமான உறவைச் சொல்லிவிட்டார்! காரணம், எதிர்பார்த்ததற்கு மாறானது, நிபந்தனை, நிபந்தனையையும் மீறுவது. ஒரு இடத்திலும் தப்பவில்லை. அம்மாவுக்கு இந்தக் கேள்வித்தாளை வாயால் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. தமிழில் இரண்டு விஷயத்தைச் சேர்க்கிற வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலே செய்துவிடுகிறது. அந்த ‘உம்’ ஒன்றுக்கே எட்டுப் பொருள் உண்டு என்று நம் பழைய இலக்கணம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தில் இந்த மாதிரி சின்னச் சொற்களுக்காக ‘இடையியல்’ என்று ஒரு இயலே இருக்கிறது. ஆனால் தேர்வில் வாக்கியத்தை வெட்டி இரண்டாக வைத்துவிடுகிறார்கள். வால் இருந்த இடம் போய், இரண்டாவது வாக்கியத்தின் தலையில் கோடு வருகிறது. பழகிய இடத்தில் தேடுகிறோம், கிடைக்கவில்லை. உடனே ‘எனக்கு இங்கிலீஷ் வராது, மண்டை இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மண்டை இருக்கிறது நண்பர்களே! அது வீட்டிலேயே, அம்மா பேச்சிலேயே நமக்கு வந்துவிட்டது.

ஆகவே (பாருங்கள், சரியான இடத்தில் போடுகிறேன்!) நான் இப்போது கடைப்பிடிக்கிற வழியைச் சொல்கிறேன். முதலில் கீழே இருக்கும் நான்கு வார்த்தைகளையும் விரலால் மூடிவிட வேண்டும். அவை நம்மை ஏமாற்றத்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வாக்கியத்தையும் படித்து, வீட்டில் பேசுகிற தமிழில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘-ததால’ என்று வாய் போனால் தேர்ஃபோர். ‘-தும்’, ‘இருந்தாலும்’ என்று போனால் ஹவ்எவர். ‘எப்படின்னா’ என்று இழுத்தால் ஃபார் எக்ஸாம்பிள். ‘அதே மாதிரி’ என்றால் சிமிலர்லி. ‘இல்லன்னா’ என்றால் அதர்வைஸ். ‘அது மட்டுமில்லாம’ என்றால் மோர்ஓவர். அதற்குப் பிறகு விரலை எடுத்து விடையைத் தேடலாம். நான்கில் இரண்டு வார்த்தை ஒரே பொருள் தருவதாக இருந்தால் அந்த இரண்டுமே விடையாக இருக்காது. ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடை இருக்க முடியாதே!

இதில் நம் துறைக்கு வேண்டிய வார்த்தை எது என்று என்னைக் கேட்டால் ‘ஆனாலும்’ என்பேன். ‘மோட்டாரில் ஓவர்லோடு. அதனால் பியூஸ் போயிற்று.’ இதில் ஒரு மர்மமும் இல்லை. பியூஸ் தன் வேலையைச் செய்தது. ‘மோட்டாரில் ஓவர்லோடு. ஆனாலும் பியூஸ் போகவில்லை.’ இங்கேதான் டெக்னீஷியன் நிமிர்ந்து உட்கார வேண்டும். யாரோ பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறான்! நடக்க வேண்டியது நடக்காத இடத்தில்தான் ‘ஆனாலும்’ வருகிறது. அந்த வார்த்தை வராதவன் பழுதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது ‘ஏனெனில்’. இதற்கு என்றே கூற்று-காரணம் கேள்விகள் இருக்கின்றன. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் பார்த்தோம், நீட் தேர்விலும் வருகிறது. ‘கூற்று: ஆர்க் வெல்டிங் செய்யும்போது கறுப்புக் கண்ணாடி வைத்த மூடியைப் பிடிக்க வேண்டும். காரணம்: வெல்டிங்கில் புகை வரும்.’ இரண்டும் சரிதான். ஆனால் நடுவில் ‘ஏனெனில்’ போட முடியுமா? போட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணாடி போடுவது புகைக்காக இல்லை. கண்ணைக் கெடுக்கிற கடும் வெளிச்சத்துக்கும் புற ஊதாக் கதிருக்கும்தான். இரண்டு உண்மை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலேயே அவை சொந்தக்காரர்கள் ஆகிவிடாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் எல்லாம் மாமனா, மச்சானா?

இதெல்லாம் பரீட்சை சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். காக்காயந்தோப்புப் பக்கம், ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தது என்று ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. ஆகவே, அதே மண் அடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது. தென்னிந்தியத் தொல்லியலில் காலக்கணக்குக்கு ஒரு பிடி கிடைத்தது இந்த ஒரு ‘ஆகவே’யால்தான். இது நல்ல ஆகவே.

கூடவே இன்னொரு ஆகவேயும் பரவியது. ‘ரோம வணிகம் வந்தது. ஆகவே இங்கே ஊர் எழுந்தது’ என்று. வீலர் தன் அறிக்கைக்குத் தலைப்பு வைத்தபோதே ‘இந்தோ-ரோம வணிக நிலையம்’ என்றுதான் வைத்தார். பிறகு 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். ரோம வணிகம் சூடுபிடிப்பதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது தெளிவாயிற்று. இப்போது வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ‘இங்கே ஏற்கெனவே ஊர் இருந்தது, மணி செய்கிற கைத்தொழில் இருந்தது, துறை இருந்தது. ஆகவே கப்பல் இங்கே வந்தது.’ பானைத் துண்டு அதேதான். மண் அதேதான். நடுவில் இருக்கும் உறவு மாறியதும் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்பதே மாறிவிட்டது பாருங்கள்!

இனி அப்பா கதை.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அப்பா ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பெயர் எழுத மட்டும்தான் தெரியும். அதையும் அன்று இடது கையால் போட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் யார் கேட்டாலும் அப்பா சொல்வது ஒன்றுதான். “எந்தப்புதாம்பா. கவனிக்காம கைய வுட்டுட்டேன்.”

போன மாதம் வருமானச் சான்றிதழ் தேடும்போது ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் அந்தத் தாளின் நகல் கிடைத்தது. தமிழில்தான் டைப் அடித்திருந்தார்கள். மூன்றே வரி. ‘இயந்திரத்தின் பாதுகாப்புக் கார்டு அன்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. தொழிலாளி கையை உள்ளே விட்டார். ஆகவே விபத்து நேர்ந்தது.’

நான் அதை நான்கைந்து தடவை படித்தேன். பொய் ஒன்றும் இல்லை. கார்டு கழற்றி இருந்தது உண்மை. கை உள்ளே போனது உண்மை. விபத்து நடந்தது உண்மை. ஆனால் அந்த ‘ஆகவே’ நின்ற இடத்தைப் பாருங்கள். கை விட்டதற்குப் பக்கத்தில் நிற்கிறது. கார்டு வாக்கியம் வேடிக்கை பார்க்க வந்த ஆள் மாதிரி தூரத்தில் நிற்கிறது. இதையே, ‘பாதுகாப்புக் கார்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் இயந்திரம் நிறுத்தப்படவில்லை. ஆகவே தொழிலாளியின் கை உள்ளே சிக்கியது’ என்று எழுதியிருந்தால்?

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இன்னாம்மா எழுதி இருக்கு?”

“கார்டு கழட்டி இருந்துச்சின்னு எழுதி இருக்குப்பா. நீ கைய வுட்ட, ஆகவே ஆக்சிடென்ட்டுன்னு எழுதி இருக்கு.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். “கார்டு ரெண்டு நாளா இல்லம்மா. நான் சொன்னேன். சாயங்காலம் மாட்டிக்கலாம், இப்ப ஓட்டுன்னாங்க.”

இத்தனை வருடத்தில் இதை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அந்த ‘ஆகவே’யை அவர் மனதில் எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு நானே தேடிப் படித்தேன். விபத்து நடந்தபோது நடப்பில் இருந்தது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவு இரண்டு விஷயம் கேட்கிறது. விபத்து வேலையின்போது நடந்திருக்க வேண்டும். வேலையின் காரணமாகவும் நடந்திருக்க வேண்டும். ‘போது’ வேறு, ‘காரணம்’ வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது! குடித்திருந்தால், சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினால், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே தொழிலாளியே நீக்கினால் முதலாளி தப்பிக்க வழி உண்டு. அந்தப் பட்டியலில் வெறும் ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தை இல்லை. மனு கொடுக்க 2 வருடம்தான் காலக்கெடு. அது என்றோ முடிந்துவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாமா என்றால் அப்பா வேண்டாம் என்கிறார். நான் இன்னும் விடவில்லை.

தோழர்களே! நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம், ஜூனியர் இன்ஜினியர் ஆவோம். விபத்து அறிக்கை, பிரேக்டவுன் அறிக்கை எல்லாம் நம் கையால்தான் எழுதப் போகிறோம். யாருடைய அப்பாவைப் பற்றியோ எழுதுவோம். அப்போது ‘ஆகவே’யை எங்கே போடுவோம்?

இங்கே ஒரு உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் லேப் ரெக்கார்டில் ‘இன்ஃபரன்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கிடைத்த ரீடிங்கிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுத வேண்டிய இடம். அதாவது, அந்தப் பக்கத்தில் ‘ஆகவே’, ‘ஏனெனில்’, ‘ஆனாலும்’ எழுதிப் பழக நமக்குக் கொடுத்திருக்கும் ஒரே இடம். அதை நாம் என்ன செய்கிறோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே காப்பி! நானும் அடித்திருக்கிறேன். என் ரீடிங் ஒன்று, இன்ஃபரன்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் பாஸ் ஆன அண்ணனுடையது. ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மூன்று வருடம் இப்படிப் பழகிவிட்டு, கம்பெனித் தேர்வில் கோடிட்ட இடத்தைப் பார்த்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்?

எனவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, இன்ஃபரன்ஸ் பகுதியை அவரவர் சொந்த வார்த்தையில், தமிழோ இங்கிலீஷோ, நான்கு வரி எழுத அனுமதிக்கும்படி துறைத் தலைவர்களிடம் கேட்க வேண்டும். தப்பு இருந்தால் மார்க் குறையட்டும், பரவாயில்லை. இரண்டாவது, நம் அறிவிப்புப் பலகையில் வாரம் ஒரு கூற்று-காரணம் கேள்வி, ஒர்க்‌ஷாப் விஷயத்திலிருந்தே எழுதி ஒட்ட வேண்டும். முதல் பத்துக் கேள்விகளை நானே எழுதித் தருகிறேன்.

‘இங்கிலீஷ் நல்லா வந்தா இதெல்லாம் தானா வரும்’ என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பாவின் தாள் இங்கிலீஷில் இல்லையே! சுத்தமான தமிழில்தானே இருந்தது? வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இரண்டு எழுத்து வரிகளுக்கு நடுவில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை யாராவது ஒரு தாளை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்துப் போடு’ என்றால், பேனாவைத் திறப்பதற்கு முன் அதில் ‘ஆகவே’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் வாக்கியத்தை இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வருகிறதாம். நான் எழுதப் போகிறேன். சீனியர் அக்காவின் குறுக்குவழியை வீட்டிலேயே வைத்துவிட்டு, அம்மாவின் மழையை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

 

– மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை மாணவி,
அரியாங்குப்பம்.